ஆட்டிடம் சொன்னது

ஆனையடிக்குறிச்சியில் பேச்சுக் கேட்காமல் போன சங்கதி, ஊரிலேயே கடைசியாகத் தெரியவந்தது உலகம்மையின் வீட்டுக்குத்தான். பால்காரருக்கு அது விடியுமுன்னே தெரிந்துவிட்டது, டீக்கடையில் முதல் கொதி வருவதற்குள் தெரிந்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது: வாத்தியார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட, வகுப்பு மொத்தமும் அந்தப் பெயருக்குரிய பிள்ளையைத் திரும்பிப் பார்த்தது, அந்தப் பிள்ளை மட்டும் ஜன்னலுக்கு வெளியே அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தது, அன்றைய பதிவேட்டின்படி பள்ளிக்கு ஒருவரும் வரவில்லை.

விதி எளிமையானது. யாரை விளித்துச் சொல்கிறோமோ அவருக்கு மட்டும் அது கேட்காது. சுற்றி இருக்கிற மற்ற எல்லோருக்கும் கணீரென்று கேட்கும். சொன்னவர் மனதில் யாரை நினைத்துச் சொன்னார் என்பதை இந்த விதி பொருட்படுத்தவில்லை. விண்ணப்பத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் பார்க்கிற குமாஸ்தாவைப் போல, விளி யாருக்கு என்பதை மட்டும் பார்த்தது. புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிட்டால் எதிர்வீட்டுக்காரி திரும்பினாள். கடைக்காரர் கேட்ட சில்லறை பின்னால் நின்ற ஆளுக்குக் கேட்டது. எழுதிப் பார்த்தார்கள், எழுதப்பட்டவரின் கண்ணுக்குக் காகிதம் வெள்ளையாகவே இருந்தது, தபால்காரர் மட்டும் ஊர்க் கடிதங்கள் அத்தனையையும் படித்துவிட்டுச் சில நாள் சாப்பிடாமல் இருந்தார். கைபேசியில் பேசிப் பார்த்தார்கள், தப்பான நம்பருக்குப் போன அழைப்புகள் மட்டும் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் கேட்டன. சாமியிடம் சொல்வது சாமிக்குப் போய்ச் சேருகிறதா என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. அது புதிதாக எழ வேண்டிய கேள்வி அல்ல.

உலகம்மைக்கும் அவள் புருஷன் சொரிமுத்துவுக்கும் இவ்வளவும் தெரியாமல் போனதற்குக் காரணம், அவர்கள் பன்னிரண்டு வருஷமாக ஒருவரை ஒருவர் விளித்துப் பேசியதே இல்லை. அவர்களுக்கு நடுவில் ஒரு ஆடு இருந்தது. "ஏ செவலை, கஞ்சி ஆறிப்போவுதுன்னு உங்கய்யாகிட்டச் சொல்லு" என்பாள் உலகம்மை. ஆடு அசைபோடும். சொரிமுத்து வந்து உட்கார்ந்து குடித்துவிட்டு, "ஏ செவலை, உப்புக் கொறச்சல்னு உங்கம்மைகிட்டச் சொல்லு" என்பான். ஆடு மறுபடியும் அசைபோடும். எதிரில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியதை வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொல்வதற்கு இலக்கணக்காரர்கள் முன்னிலைப் புறமொழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலகம்மை அதற்குச் செவலை என்று பெயர் வைத்திருந்தாள். அதற்கு முன்னால் கருப்பி, கருப்பிக்கு முன்னால் சுட்டி. ஆடுகள் மாறின, உத்தியோகம் மாறவில்லை.

அந்த உத்தியோகம் உண்டானது அவர்கள் மகள் பூரணம் செத்த வாரத்தில். சொரிமுத்து கிணறு வெட்டுகிறவன்; அப்போது மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிணற்றில் இருந்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் கூடிக்கொண்டே போனபோது, அந்தப் பக்கம் போகிற வைக்கோல் லாரிக்காரரிடம் உலகம்மை சொல்லிவிட்டாள்: உடனே வரச் சொல்லும், வர முடியாவிட்டால் ஒரு வார்த்தையாவது சொல்லிவிடச் சொல்லும். லாரி திரும்பி வந்ததை அவள் வாசலில் நின்று பார்த்தாள். அது நிற்காமல் போனது. பிள்ளையை எடுத்த மறுநாள் சொரிமுத்து வந்தான், செம்மண் காயாத காலோடு வாசலில் நின்றுகொண்டு, "எனக்காக ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டான். ஒரு வார்த்தை சொல்லிவிடாத மனுஷனுக்கு இந்தக் கேள்வி கேட்க வாய் எப்படி வந்தது என்று அவளுக்குத் தோன்றியது. தன் சொல் அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தும் அவன் சும்மா இருந்தானா என்ற ஒரே கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. அதைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவன் தானாகச் சொல்லட்டும் என்று அவள் இருந்தாள். அவள் தானாகக் கேட்கட்டும் என்று அவனும் இருந்திருப்பான். இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் ஒரு ஆடு வந்து நிற்பது இயற்கை.

ஊர் முதலில் சுவரிடம் பேசிப் பார்த்தது. சுவருக்கும் காது உண்டு என்ற பழமொழி தவறு என்று அந்த வாரத்திலேயே நிரூபணமாயிற்று. சுவரிடம் சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. கல்லிடம் சொன்னதும் அப்படியே. காதுள்ள ஒன்றை விளித்தால்தான் மற்றவர்களுக்குக் கேட்டது. செத்துப்போனவர்களை விளித்தாலும் கேட்டது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தன் மனைவியின் படத்துக்கு முன்னால் நின்று, "சரஸ்வதி, பக்கத்து வீட்டுக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கான்" என்றபோது வேலி அந்தச் சாயங்காலமே பழைய இடத்துக்கு வந்தது. ஆனால் எல்லோர் வீட்டுச் செத்தவர்களும் அவ்வளவு பயன்படவில்லை. உண்மையாகவே காணாமல் தவிக்கிறவர்கள் கூப்பிட்டால்தான் அந்த வழி திறந்தது, அப்படித் தவிக்கிறவர்கள் ஊரில் எவ்வளவு குறைவு என்பது அந்த வாரத்தில் வெளியே தெரிந்துபோனதால், பல வீடுகளில் மாலை போட்ட படங்கள் கழற்றி உள்ளே வைக்கப்பட்டன.

அதற்குள் யாரோ உலகம்மையின் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். ஊரே முடங்கிக் கிடக்கையில் அந்த ஒரு வீட்டில் மட்டும் கஞ்சி நேரத்துக்குக் கிடைக்கிறது, உப்பின் அளவு திருத்தப்படுகிறது, கூரை ஒழுகல் அன்றைக்கே அடைக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டு, சனங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்று பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷமாகச் சாடை பேசிச் சீரழிந்த குடும்பம் என்று யாரைச் சுட்டிக்காட்டினார்களோ, அவர்களையே இப்போது பெண் கொடுத்த இடத்துக்குப் போகிறவர்கள் வழியில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். புதுச்சம்பந்தம் பேசப் போன ஒரு அம்மாள், "எங்க வீட்டுலயும் நல்ல பேச்சுவார்த்தைதான், செவலை வீட்டு மாதிரி" என்று தன் மடியில் இருந்த கோழியிடம் சொன்னதாகக் கேள்வி. வீட்டுக்கு வீடு ஆடு வந்தது. ஆட்டுக்கு வகையில்லாதவர்கள் கோழியை வைத்துக்கொண்டார்கள்; ஆனால் கோழி ஒரு பேச்சு முடியும்வரை நிற்காது என்பதால் கோழி வீடுகளில் பாதிப் பேச்சுகளே நடந்தன, அந்த வீடுகளில்தான் சண்டை குறைவு என்றும் சொன்னார்கள்.

செவலைக்குப் பெரிய மரியாதை உண்டாயிற்று. அது நின்ற இடத்தில் நிற்கும், சொல்கிறவர் முகத்தைப் பார்க்கும், நடுவில் கத்தாது. இந்த மூன்று குணமும் சேர்ந்து மனிதரில் அமைவது அபூர்வம் என்று கணக்கு வாத்தியார் சரஸ்வதியிடம் சொன்னார். பாகப்பிரிவினை பேசுகிற வீடுகளுக்கும் புருஷன் பெண்டாட்டி பிரிந்து அறுத்துக்கட்டுகிற பேச்சு நடக்கிற வீடுகளுக்கும் செவலையை இரவல் கேட்டு வந்தார்கள். உலகம்மை தட்டாமல் கொடுத்தாள். கழுத்துக் கயிற்றைக் கையில் கொடுக்கும்போது, அன்றைக்கு ராத்திரி வரை தன் வீட்டில் பேச்சு இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதில் ஒரு ஓய்வும் இருந்தது.

வெளியில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். காது மருத்துவர் ஒருவர் வந்து எல்லாக் காதிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்து, பழுதில்லை என்று சொன்னார். அவர் அதைத் தம் உதவியாளரிடம் சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது. பிறகு நகரத்தில் இருந்து பேச்சுத் தொடர்புப் பயிற்சியாளர் ஒருவர் படம் காட்டுகிற கருவியோடு வந்து, சமுதாயக் கூடத்தில் ஊரைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினார். பதில் சொல்லத் துடிக்கிற மனம் கேட்பதில்லை என்றும், சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பே பெரிய தடை என்றும், கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வது நல்லதென்றும், ரோஷம் காதை அடைக்கும் என்றும் மனமுருகச் சொன்னார். அவர் கூட்டத்தை விளித்துப் பேசியதால் கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மரியாதைக்கு உட்கார்ந்திருந்து, வாய் நின்றதும் கைதட்டினார்கள். வெளியே வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய டிரைவருக்கு மட்டும் முழுவதும் கேட்டது. அந்த டிரைவர் வீட்டுக்குப் போய்த் தன் பெண்டாட்டியிடம் நாலு மணி நேரம் பேசினார் என்றும், பிரிவதாக இருந்தவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்றும் பிற்பாடு தெரிந்தது. உலகம்மை அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, பேசுகிறவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் யாருக்கோ நல்லது சொல்லுகிறார் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

எல்லாம் வேடிக்கையாகவே நடக்கவில்லை. பொடிப்பிள்ளைகள் அழுதபோது தாய்மார் சொன்ன ஆறுதல் பிள்ளைகளுக்குப் போகவில்லை. நடுவில் ஆட்டை நிறுத்தினாலும், ஆட்டிடம் சொல்வது தனக்குத்தான் என்று அந்த வயசுக்குத் தெரியாது. மேலத்தெருப் பெரியவர் ஒருவர் பேரூர் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டுக் கிடந்தார். நான்கு மகன்களும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவர் நான்கு பேரையும் பார்த்து ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார், உதடு அசைவதைப் பார்த்து அப்பா ஏதோ பெரிய விஷயம் சொல்கிறார் என்று நான்கு பேரும் கண்ணீர் விட்டார்கள். தெருவில் போன ஐஸ் வண்டிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தன் வண்டியில் கட்டியிருந்த நாயிடம், "தண்ணி கேக்காரு" என்றான். அதற்குள் பிந்திவிட்டது.

மழை இல்லாத அந்த வருஷம் வைகாசி முடிவில் திடீரென்று மூன்று நாள் அடித்துப் பெய்தது. பின்னால் கணக்குப் பார்த்தால், அந்த மழையோடுதான் அந்தக் கேளாமை போயிருக்க வேண்டும். ஆனால் வந்தது தெரிந்ததுபோலப் போனது தெரியவில்லை. வந்த அன்று எல்லோரும் நேரே பேசிக்கொண்டிருந்தார்கள், அதனால் தெரிந்தது. போன அன்று எல்லோரும் ஆட்டிடம் பேசிக்கொண்டிருந்தார்கள், அதனால் தெரியவில்லை. ஆட்டிடம் சொன்னது முன்னும் கேட்டது, பின்னும் கேட்டது. வித்தியாசம் தெரிவதற்கு யாராவது ஒருவர் ஒருவரைப் பேர்சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். கேட்காது என்று தெரிந்த காரியத்தை வேலைமெனக்கெட்டு யார் செய்வார்கள்?

சொரிமுத்து அப்போது பிரமநாயகம் பிள்ளையின் தென்னந்தோப்புக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தான். மழைக்கு நின்ற வேலையை மறுபடி தொடங்குகிற காலை, உலகம்மை அவனோடு தோப்புவரை நடந்தாள். அவன் முன்னால், அவள் பத்தடி பின்னால். செவலை அன்று இல்லை. கீழத்தெரு அண்ணன் தம்பிகளின் பாகப்பேச்சுக்கு முதல்நாளே போயிருந்தது. சொரிமுத்து கிணற்றுப் பக்கம் போக, அவள் வரப்பில் நின்று செவலைக்குப் புல் அறுத்தாள். சற்றுத் தள்ளி பிரமநாயகம் பிள்ளை வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது பலவேசம் தன் செம்மறி மந்தையோடு தோப்பைக் கடந்து வந்தான். பலவேசம் ஊரிலே இருப்பவன் அல்ல. தை மாதம் மந்தையை ஓட்டிக்கொண்டு போனால் ஊர் ஊராக எருவுக்காக வயலில் கிடை போட்டுவிட்டு மழை விழுந்த பிறகுதான் திரும்புவான். ஊருக்கு நேர்ந்ததை வழியில் யாரோ சொல்லக் கேட்டுச் சிரித்தவன், சிரித்துவிட்டு மறந்தவன். அவன் உலகம்மையைப் பார்த்து நின்றான்.

"உலகம்மக்கா, மேக்குக் கரை வாய் பிளந்து கெடக்கு. நான் இப்பம் பாத்துட்டு வாரேன். அத்தானை உள்ள எறங்க விடாதீய."

சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல், கரும்புப் பக்கம் போன மந்தையைத் திருப்ப ஓடினான்.

ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டதால்தான் அவள் அசையவில்லை. தன் பெயர் தன் காதில் விழுந்து மாதக்கணக்கானதால் முதலில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது, பிறகு புரிந்தது: இவன் என்னை ஆடாக்கி, வேறு யாருக்கோ சொல்லிவிட்டுப் போகிறான். திரும்பிப் பார்த்தாள். பிரமநாயகம் பிள்ளை நின்றார். சரிதான், கிணற்றுக்காரருக்குச் சொல்கிறான், அவர் பார்த்துக்கொள்வார் என்று அவள் புல்லுக்குக் குனிந்தாள். பிரமநாயகம் பிள்ளைக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அவர் தன் வயலில் இந்த வருஷம் பலவேசத்தைக் கிடை போட வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார். அந்தக் கறுவலில் அவன் இந்தப் பொம்பளையைச் சாக்காக வைத்து என் வேலையை நிறுத்தப் பார்க்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. அவர் எச்சிலைத் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். எச்சரிக்கை இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டு பேரும் அதை மற்றவருக்கு என்று மரியாதையாக விட்டுவிட்டார்கள்.

மத்தியானம் அவள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனபோது கிணற்று மண்ணைத் தூக்குகிற கிரேன்காரர்கள் இருவரும் டீசல் வாங்கப் போயிருந்தார்கள். எஞ்சின் அமர்ந்திருந்தது. அடியில் இருந்து சொரிமுத்துவின் கடப்பாரைச் சத்தம் மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. உலகம்மை தூக்குவாளியைத் தென்னை மூட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் மேற்குக் கரையைப் பார்த்தாள். ஒரு ஆள் கை நுழைகிற அகலத்துக்கு நிலம் பிளந்திருந்தது. பிளவின் உதட்டில் இருந்து ஈரச் சரளை பொலபொலவென்று கிணற்றுக்குள் உதிர்ந்தது, நின்றது, மறுபடி உதிர்ந்தது. கீழே சொரிமுத்துவுக்கு அது தெரியாது. அந்தப் பக்கத்துச் சுவர் வயிறு தள்ளி நின்று அவன் தலைக்கு மேலே உள்ளதை மறைத்தது.

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வந்து நின்றது 'மேல வாரும்' என்பதுதான். அதை அவள் விழுங்கினாள். அவனைப் பார்த்துச் சொன்னால் அவனுக்கு மட்டும் கேட்காதே. அவள் சுற்றிப் பார்த்தாள். கையில் கயிறு இல்லை, கயிற்றின் முனையில் செவலை இல்லை. தென்னை மட்டையில் ஒரு காக்கை இருந்தது. "ஏ காக்கா" என்று அவள் தொடங்கியதும் அது பறந்துவிட்டது. தோப்பில் ஒரு ஈ காக்கை இல்லை என்பார்களே, அப்படி இருந்தது தோப்பு. சரளை மறுபடி உதிர்ந்தது. அப்போது அவள், பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத பெயரை, ஊரே படங்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதுகூடத் தான் எடுக்காத பெயரைச் சொன்னாள்.

"ஏ பூரணம். உங்கய்யாவை மேல வரச் சொல்லு. கரை சரியுது."

கடப்பாரைச் சத்தம் நின்றது. அவன் சுவரை விட்டு விலகி நடுக்கிணற்றுக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். அவ்வளவு ஆழத்தில் அவன் முகம் ஒரு தேங்காய் அளவுக்குத்தான் தெரிந்தது. அவன் போய் முதல் படிக்கல்லில் கை வைத்தான். அந்தக் கையோடு ஏறியிருந்தால் ஏறி வந்திருக்கலாம், நேரம் இருந்தது. பிறகு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அவன் ஏறவில்லை. கரை சரிவது அவனுக்குக் கேட்டிருக்கும், மேலே வரச் சொன்னதும் கேட்டிருக்கும், அவற்றுக்கு முன்னால் அந்தப் பெயர் கேட்டுவிட்டது. பெயர் கேட்ட பிறகு மற்றதெல்லாம் அவனுக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்க வேண்டும். படிக்கல்லில் வைத்த கையை எடுக்காமல், அவன் நிதானமாக, ஆட்டிடம் சொல்கிற அதே குரலில் சொன்னான்.

"ஏ பூரணம். நான் பொறப்பட்டு வாரேன்னு லாரிக்காரன்கிட்ட அன்னைக்கே சொல்லிவிட்டேனே. வந்து சேரலையான்னு உங்கம்மைகிட்டக் கேளு."

அந்தக் கிணற்றின் வாயில் நின்ற உலகம்மைக்கு அப்போது கரையும் தெரியவில்லை, சரளையும் தெரியவில்லை. நிற்காமல் போன ஒரு வைக்கோல் லாரி தெரிந்தது. லாரிக்காரர் அந்தப் பதிலை மறந்துபோயிருக்கலாம். அல்லது ஏதாவது ஒரு டீக்கடையில் இறங்கி, ஒரு ஆள் இப்படிச் சொன்னான் என்று யாரிடமோ சொல்லியிருக்கலாம், அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டும் இருக்கலாம். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஓடி வாரும் என்று கத்துவதற்கு அல்ல. வரவில்லை என்று சொல்வதற்கு. ஏ பூரணம் என்ற அளவுக்குத்தான் வந்தது. அதற்குள் மேற்குக் கரை, பெரிய மிருகம் ஒன்று முழங்காலிட்டுப் படுப்பதுபோல, அவசரமே இல்லாமல் உள்ளே இறங்கியது.

மண்ணை அள்ளி அவனை எடுக்கச் சாயங்காலமாயிற்று. துக்கத்துக்கு ஊரே வந்தது. வந்த பெண்கள் தத்தம் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், உலகம்மையின் முன்னால் ஆட்டை நிறுத்தி, ஆட்டைக் கட்டிக்கொண்டு, ஆட்டிடம் ஒப்பாரி வைத்தார்கள். பாகப்பேச்சு முடிந்து செவலையும் வந்து சேர்ந்தது. அண்ணன் தம்பிகள் சமாதானமாகிவிட்டார்களாம். அது முற்றத்தில் நின்று, பழக்க தோஷத்தில், முதலில் அவள் முகத்தையும் பிறகு அவன் உட்காருகிற இடத்தையும் பார்த்தது.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு பலவேசம் வந்தான். மந்தையை மலையடியில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தான். செவலை அப்போது மேய்ச்சலுக்குப் போயிருந்தது. முற்றத்தில் அவனும் அவளும் தவிர யாரும் இல்லை, வேலியில் ஒரு ஓணான்கூட இல்லை. அவன் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அக்கா, நான் அன்னைக்குச் சொன்னேனே. கேக்கலையா?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். அவன் சொன்னது அவளுக்குக் கேட்டிருந்தது. அவளைத் தவிர அவன் யாரையும் விளித்திருக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, குளிர்ந்த தண்ணீர் கணுக்காலில் இருந்து ஏறுவதுபோல, அது அவளுக்குள் ஏறியது: இன்று கேட்கிறது என்றால் வரப்பில் நின்ற அன்றும் கேட்டது, காலையில் எனக்குக் கேட்டது என்றால் மத்தியானம் அவருக்கும் கேட்டிருக்கும். வாயில் வந்து நின்ற அந்த 'மேல வாரும்' அவருக்குக் கேட்டிருக்கும். அதில் பதில் சொல்ல வேண்டிய பெயர் எதுவும் இல்லை. அவர் பாட்டுக்கு முனகிக்கொண்டே ஏறி வந்திருப்பார், வந்து கஞ்சியில் உப்பு இல்லை என்று ஆட்டைத் தேடியிருப்பார்.

"கேட்டுச்சு, தம்பி" என்றாள் உலகம்மை. "எனக்குன்னு தெரியல."

பலவேசம் துண்டை மறுபடி தலையில் கட்டினான். பிறகு எழுந்து போனான்.

அவள் இதை ஊருக்குச் சொல்லாமல் இல்லை. மறுநாள் டீக்கடை முக்கில் போய் நின்றுகொண்டு, எதிரில் இருந்தவர்களை ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி, அது போய்விட்டது, இப்போது கேட்கும், நேரே பேசுங்கள் என்று சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது. கேட்டதாலேயே, ஒவ்வொருவரும் அது தனக்கு இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். பாவம், புருஷன் போன துக்கம், யாருக்கோ சொல்லுகிறாள் என்று ஒருவர் தன் ஆட்டிடம் சொன்னார். சொல்ல வேண்டியவர்கள் கேட்டுத் திருந்தினால் சரி என்று இன்னொருவர் தன் ஆட்டிடம் சொன்னார். பிரமநாயகம் பிள்ளை கேட்டுக்கொண்டே கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டுப் போனார். கணக்கு வாத்தியார் மட்டும் ஏதோ சந்தேகத்தில் அவளைக் கூர்ந்து பார்த்தார், பிறகு அவர் வீட்டுக்குப் போய்ச் சரஸ்வதியிடம் அதைச் சொன்னார்.

அந்த ஊரில் இன்றைக்கும் ஆட்டிடம்தான் பேசுகிறார்கள். ஆட்டுக்கறி யாரும் தின்பதில்லை. நடுவரைத் தின்பது அழகல்ல என்கிறார்கள். வெளியூரில் இருந்து வாக்கப்பட்டு வருகிற பெண்கள் முதல் வாரத்தில் புருஷனைப் பார்த்து நேரே எதையாவது சொல்லிவிடுவார்கள். அவன் கேட்டும் கேட்காதவனாக இருப்பான். பிறகு அவர்களும் பழகிக்கொள்வார்கள்.

உலகம்மை செவலையை அந்த அண்ணன் தம்பி வீட்டுக்கே கொடுத்துவிட்டாள். மூடிய கிணற்றின் மேல் பிரமநாயகம் பிள்ளை அகத்தி போட்டிருந்தார். மண் இன்னும் சரியாக இறுகவில்லை, நடுவில் லேசாகப் பள்ளமாக இருந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் அவள் தனியாக அங்கே போனாள். பூரணத்தைக் கூப்பிடவில்லை. காக்கையைத் தேடவில்லை. பள்ளத்துக்கு எதிரில் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக அவனைப் பார்த்துச் சொன்னாள்:

"வந்து சேந்துட்டு. கேட்டீரா?"